பழைய பாணி கேம், பழைய லேப்டாப்: நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. 1366×768 திரையுள்ள பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, இன்டெல் சிப்போடு சேர்ந்து வந்த கிராபிக்ஸ்தான். ‘செலஸ்ட்’ என்ற பழைய பாணி பிக்சல் கேமை வாங்கி ஆடிப் பார்த்திருக்கிறார். பாத்திரம் நடக்கும்போது முகம் ஒரு மாதிரி நெளிகிறது, தாவும் பட்டன் சில நேரம் வேலையே செய்வதில்லை, சில நேரம் தாமதமாகத் தாவுகிறது. சின்ன வயதில் டிவியில் ஆடிய ‘கான்ட்ரா’ இப்படி இல்லையே என்கிறார். கூடவே மூன்று சந்தேகங்கள்: இந்த வகை கேம்கள் உண்மையிலேயே நல்லவையா, பழைய ஞாபகத்தைக் காசாக்குகிறார்களா? கேம்பேட் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? பழைய டப்பா மானிட்டர் ஒன்றைப் பிடித்துப் போட்டால் படம் சரியாகுமா?

நெளிவுக்கும் தாமதத்துக்கும் ‘செலஸ்ட்’ பொறுப்பில்லை. இந்த வகை கேம்கள் எல்லாமே முழு எண்களில் வாழ்பவை. ஒரு பிக்சல் திரையில் நான்கு புள்ளியாக விரியலாம், ஐந்தாக விரியலாம்; நாலேகாலாக விரியச் சொன்னால் கெட்டுப்போகும். ஒரு ஃப்ரேம், அதாவது கேம் வரையும் ஒரு படம், திரையின் ஒரு புதுப்பிப்புக்கு நிற்கலாம், இரண்டுக்கு நிற்கலாம்; ஒன்றேகாலுக்கு நிற்க முடியாது. கேமைக் குறை சொல்வதற்கு முன் இந்த வகுத்தலைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் திரையையே எடுத்துக்கொள்வோம். ‘செலஸ்ட்’ உள்ளே வரைவது 320×180 அளவில். 1920×1080 திரையில் இது சரியாக 6 மடங்கு. 2560×1440 என்றால் 8 மடங்கு, 4கே என்றால் 12 மடங்கு. உங்கள் 1366ஐ 320ஆல் வகுத்தால் 4.27 வருகிறது. அந்த .27ஐ எங்கே வைப்பது? 320 நெட்டு வரிசைகளில் 86 வரிசை 5 புள்ளி அகலமாகவும், மீதி 234 வரிசை 4 புள்ளி அகலமாகவும் போய் உட்காருகின்றன. கேமின் நாயகி மேடலின் நடந்து போகும்போது அவளுடைய கண் ஒரு அகலமான வரிசையில் விழும், அடுத்த அடியில் குறுகிய வரிசையில் விழும். கண் பெருத்துச் சிறுத்துப் பெருக்கிறது. நீங்கள் பார்த்த நெளிவு இதுதான்.

தீர்வு எளிது. செட்டிங்ஸில் முழுத்திரையை அணைத்து, விண்டோ அளவை 4 மடங்காக வையுங்கள். 1280×720 வரும், பக்கத்துக்கு 43 புள்ளி, மேலும் கீழும் 24 புள்ளி வீணாகும். அந்த ஓரம் போவதால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது: 720 உயர விண்டோ, அதன் தலைப்புப் பட்டை, கீழே டாஸ்க்பார் மூன்றும் சேர்ந்தால் 768ஐத் தாண்டிவிடும், படத்தின் அடிப்பகுதி டாஸ்க்பாருக்குள் ஒளிந்துகொள்ளும். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி மாற்றிவிட்டால் இடம் போதும்.

மற்ற கேம்களுக்கும் இதே கணக்குதான். ‘யூஎஃப்ஓ 50’ 384×216 அளவில் வரைகிறது. உங்கள் திரையில் 3 மடங்குதான் கொள்ளும், 1152×648. ‘ஷவல் நைட்’ 400×240. இதை 1080 உயரத் திரையில் வைத்தால் 4.5 மடங்கு வருகிறது, ஆக முழு எச்டி திரை வைத்திருப்பவருக்கும் இது சரியாக வகுபடாது. பெரிய திரை வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1366×768 திரையில் அதே கேமை 3 மடங்கில், 1200×720 விண்டோவாக ஆடினால் ஒவ்வொரு பிக்சலும் ஒழுங்கான சதுரமாக நிற்கும்.

கிராபிக்ஸ் டிரைவரிலேயே முழு எண் மடங்கு வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. என்விடியாவில் டூரிங் தலைமுறை, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து 2019இல் வந்தது. இன்டெலில் 11ஆம் தலைமுறை கிராபிக்ஸிலிருந்து. உங்கள் லேப்டாப் அதற்கு முந்தையது, அதனால் கிடைக்காது. கிடைத்தாலும் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கேம் எந்த அளவில் படத்தை அனுப்புகிறதோ அந்த அளவைத்தான் டிரைவர் பெருக்கும். கேமே தன் 320×180 படத்தை 1366×768க்கு இழுத்து அனுப்பிவிட்டால், டிரைவர் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

படம் நெளியாமல் ஒரேயடியாக மங்கலாக, நீரில் நனைந்த மாதிரி இருந்தால் அது வேறு நோய். விண்டோஸில் டிஸ்ப்ளே அளவு 125 சதவீதம் என்று வைத்திருப்பீர்கள். பழைய கேம்களின் விண்டோவை விண்டோஸ் தானே இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. கேமின் இஎக்ஸ்இ ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கடைசிக் கட்டத்தை டிக் செய்து ‘அப்ளிகேஷன்’ என்று தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் கையை எடுத்துக்கொள்ளும்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் ஹால் டிவிக்குப் போட்டு ஆடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. பல டிவிகள் வரும் படத்தைச் சில சதவீதம் பெருக்கி ஓரத்தை வெட்டிவிடும். கணினி சரியாக 6 மடங்கில் அனுப்பியிருக்கும், டிவி அதைக் குலைத்துவிடும். டிவியின் படப் பிரிவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘1:1’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். கூடவே ‘கேம் மோட்’. அது இல்லாமல் டிவி தன் படத்தை அழகுபடுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் பாத்திரம் பள்ளத்தில் விழுந்திருக்கும்.

சிஆர்டி வடிகட்டி, அதாவது பழைய டிவியின் கிடைக்கோடுகளைப் போலி செய்யும் வசதி, பல கேம்களில் இருக்கிறது. 768 உயரத் திரையில் அதைத் தொடாதீர்கள். 240 வரிக் கேமில் ஒரு வரிக்கு உங்களிடம் 3.2 புள்ளிதான் இருக்கிறது. வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் சீராக விழ அது போதாது, திரை முழுக்கப் பட்டை பட்டையாக அலையடிக்கும். 1440 அல்லது 4கே திரையில் அதே வடிகட்டி மிக நன்றாக வேலை செய்யும். அங்கே ‘ஷேடர்கிளாஸ்’ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், எந்த கேமின் மேலும் சிஆர்டி தோற்றத்தைப் போர்த்த முடியும்.

அடுத்தது நேரம். உங்கள் லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 புதுப்பிப்பு. இந்த வகை கேம்களில் பெரும்பாலானவை நொடிக்கு 60 ஃப்ரேம், ஆகவே ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறது. விலை குறைவு என்று 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்களுக்குத்தான் பிரச்சினை: 4 ஃப்ரேமை 5 புதுப்பிப்பில் பரப்ப வேண்டும், ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை நிற்கும், நொடிக்கு 15 முறை ஒரு சிறு தடுக்கல். 144 ஹெர்ட்ஸிலும் 2.4 என்று வகுபடாமல் நிற்கிறது. அந்த மானிட்டர்களை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60க்கோ 120க்கோ இறக்கிவிட்டு ஆடினால் பக்கவாட்டில் திரை நகர்வது வெண்ணெயாக இருக்கும். ‘கேவ் ஸ்டோரி’யின் 2004ஆம் ஆண்டு இலவசப் பதிப்பு மட்டும் விதிவிலக்கு. அது 50 ஃப்ரேமில் ஓடுவது, 60 ஹெர்ட்ஸ் திரையில் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும்.

கான்ட்ரா ஞாபகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பதில் இதே கணக்கில்தான் இருக்கிறது. அன்று நம் வீடுகளில் டிவியில் சொருகி ஆடிய கேசட் பெட்டிகள் பெரும்பாலும் நிண்டெண்டோவின் 1983 ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்த இயந்திரம் நொடிக்கு 60 ஃப்ரேம். இந்திய டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. பால் டிவிக்காகச் செய்த நகல் பெட்டியில் அதே கேசட்டைப் போட்டால் கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், தாளம் மட்டும் மந்தமாகும், ஏனென்றால் அடுத்த சுரம் எப்போது என்பதை ஃப்ரேம்தான் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியில் பழகிய கைக்கு உண்மையான 60 ஃப்ரேம் கேம் அவசரப்படுத்துவது போலத்தான் இருக்கும். ‘அப்போது நன்றாக ஆடினேன், இப்போது முடியவில்லை’ என்று பலர் வருத்தப்படுவதில் வயதுக்குப் பாதிப் பங்கு, ஹெர்ட்ஸுக்குப் பாதிப் பங்கு.

சென்னை வெயிலும் இந்தக் கணக்கில் கை வைக்கும். ஆடத் தொடங்கி இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு பாட்டு சரியாகவே ஒலிக்க, பாத்திரம் மட்டும் சேற்றில் நடப்பது போல ஆனால் சிப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று பொருள். புது பெரிய கேம்கள் இப்படிப்பட்ட நேரத்தில் ஃப்ரேமைத் தவறவிட்டு வேகத்தைக் காப்பாற்றும்; ஃப்ரேமையே கடிகாரமாக வைத்திருக்கும் கேம்களில் உலகமே மெதுவாகிவிடும். மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ, அதாவது சிப் தற்காலிகமாக வேகம் கூட்டுவது, நின்றுவிடும்; இந்த கேம்களுக்கு டர்போ தேவையே இல்லை, சூடு கணிசமாகக் குறையும். 4 ஜிபி ரேமில் பிரௌசரை மூடிவிட்டு ஆட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கை. தாவும் பட்டன் ‘சில நேரம் வேலையே செய்வதில்லை’ என்கிறீர்கள். தாமதம் வேறு, வேலை செய்யாதது வேறு. இரண்டாவதற்கு உங்கள் கீபோர்டுதான் காரணமாக இருக்க வேண்டும். சாதாரண கீபோர்டில் சாவிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பி வலையில் கோத்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையில் இருக்கும் சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தப்பான எழுத்து வந்துவிடக் கூடாதே என்று மூன்றாவது சாவியையே விழுங்கிவிடும். ‘செலஸ்டில்’ இசட்டைப் பிடித்துச் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும்போது, மேல் அம்பும் வலது அம்பும் அழுத்தியபடி எக்ஸைத் தட்டினால்தான் குறுக்குவாட்டில் பாய முடியும். நான்கு சாவி ஒரே நேரத்தில்.

சோதிக்க நோட்பேட் போதும். மேல் அம்பையும் வலது அம்பையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இசட், எக்ஸ், சி, ஸ்பேஸ் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பிறகு மேல்-இடது, கீழ்-வலது, கீழ்-இடது ஜோடிகளைப் பிடித்துக்கொண்டும் இதையே செய்யுங்கள். எந்த எழுத்து திரையில் விழவில்லையோ அந்தச் சாவியை கேமில் பயன்படுத்தாதீர்கள், செட்டிங்ஸில் வேறு சாவிக்கு மாற்றுங்கள். பல கீபோர்டுகளில் ஸ்பேஸ்தான் முதலில் மாட்டும். அம்புகளுக்குப் பதிலாக டபிள்யூ, ஏ, எஸ், டி வைத்துக்கொண்டு வலது கைக்கு ஜே, கே, எல் கொடுத்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

கேம்பேட் வாங்குவதென்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எக்ஸ்இன்புட் முறையில் வேலை செய்கிறதா என்பது. மலிவான பல பேட்கள் பழைய டைரக்ட்இன்புட் முறையில் மட்டும் பேசும். புது கேம்கள் அவற்றைக் கண்டுகொள்ளாது. சிலவற்றின் பின்பக்கத்தில் எக்ஸ், டி என்று சின்ன சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் நடுப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முறை மாறும். டைரக்ட்இன்புட் பேட் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஸ்டீம் என்ற கேம் கடை மென்பொருளின் கன்ட்ரோலர் செட்டிங்ஸ் அதை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, என் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியமானது, சிலுவை வடிவத் திசைப் பட்டன். விண்டோஸ் சாவியையும் R சாவியையும் சேர்த்து அழுத்தி, joy.cpl என்று அடித்தால் பேட் சோதனைப் பெட்டி திறக்கும். திசைப் பட்டனின் மேல் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை லேசாக இடம் வலம் ஆட்டுங்கள். காட்டி மேலேயே நின்றால் நல்ல பேட். மேல்-இடது, மேல்-வலது என்று தாவிக்கொண்டே இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எட்டுத் திசையில் பாயும் கேமில் நேரே மேலே போக நினைத்து குறுக்கே போய் முள்ளில் விழுவது இந்தக் குறையால்தான். சிலுவையின் அடியில் அச்சு மாதிரி ஒரு முளை இருக்கும்; அது குட்டையாக இருந்தால் சிலுவை சாயாமல் மொத்தமாகக் கீழே இறங்கி, பக்கத்து ரப்பரையும் தொட்டுவிடுகிறது.

ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. பேட்டைப் பிரித்து ரப்பர் தகட்டைத் தூக்கினால் போர்டில் நான்கு திசைக்கும் சீப்புப் பல் போன்ற தொடுதளங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு காப்டன் (Kapton) டேப், அதாவது மெல்லிய மின்காப்பு டேப், ஒட்டி நடுவை மட்டும் திறந்து விடுங்கள். தொடும் பரப்பு குறைவதால் தவறான குறுக்குத் திசை வெகுவாகக் குறையும். அதிகமாக ஒட்டினால் வேண்டிய குறுக்குத் திசையும் போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிப் பார்க்க வேண்டும். பிரித்த கையோடு அந்தத் தொடுதளங்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். கடற்கரை ஊரின் ஈரப்பதமும் கை வியர்வையும் சேர்ந்து அங்கே ஒரு படலம் கட்டியிருக்கும்.

மூன்றாவது, ஒயர். முடிந்தவரை ஒயர் உள்ள பேட். ஒயர்லெஸ் வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளது, ஆனால் அதை நீல நிற யூஎஸ்பி 3 துளையில், ஹார்ட் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் சொருகாதீர்கள். யூஎஸ்பி 3இன் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுவதால் பட்டன் விட்டு விட்டு வேலை செய்யும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

தாமதம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லி விநாடி. விண்டோவில் ஆடுவதால் ஒரு ஃப்ரேம் கூடலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் தாமதத்தை ஒரு ஆள் மட்டும் செய்கிறான் என்றால் அது பெரும்பாலும் காதில் இருக்கும் ப்ளூடூத் இயர்போன். சாதாரண எஸ்பிசி ஒலிச் சுருக்க முறையில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி பிந்தி வரும். தாவிய சத்தம் பத்து ஃப்ரேம் கழித்துக் கேட்டால் மூளை ‘தாமதமாகத் தாவியது’ என்றே முடிவு கட்டும். இயர்போனைக் கழற்றிவிட்டு லேப்டாப் ஸ்பீக்கரில் ஆடிப் பாருங்கள். தாமதம் மறைந்துவிட்டால் ஒயர் இயர்போன் ஒன்றே தீர்வு.

இப்போது பெரிய கேள்வி: இவை நல்ல கேம்களா? பழைய எல்லைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று யோசித்துச் செய்தவை நல்லவை. தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் குப்பை.

‘ஷவல் நைட்’ 2014இல் வந்தது. நிண்டெண்டோவின் 8 பிட் இயந்திரத்தில் ஒரே கிடைவரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு, அதாவது நகரும் சிறு படத்துக்கு, மேல் நிற்க முடியாது, ஒன்பதாவது மறைந்துபோகும். பழைய கேம்களில் கூட்டம் சேர்ந்தால் எதிரிகள் மினுக்குவது அதனால்தான். இதை ஷவல் நைட் வைத்துக்கொள்ளவில்லை. நிறங்களிலும் அந்த இயந்திரத்தில் இல்லாத சில நிறங்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இசையில் கறாராக நின்றது: கோனாமி கேசட்டுக்குள் வைத்த விஆர்சி6 சிப் கூடுதலாகத் தந்த மூன்று தடங்களையும் சேர்த்துக்கொண்டு, அந்த எல்லைக்குள்ளேயே ஜேக் காஃப்மன் இசையமைத்திருக்கிறார். ‘உயிர் மூன்று’ என்ற பழைய முறையையும் விட்டுவிட்டார்கள். செத்தால் உங்கள் தங்கத்தில் ஒரு பங்கு அந்த இடத்தில் பைகளாக மிதக்கும், திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். நடுவழியில் வரும் சேமிப்பு உருண்டையை உடைத்தால் காசு வரும், ஆனால் செத்தால் இன்னும் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பேராசைக்கு இதைவிட அழகாக ஒரு பொறி வைக்க முடியாது.

‘செலஸ்ட்’ 2018. அதன் முதல் வடிவம் 2015இல் பிகோ-8 என்ற கற்பனை இயந்திரத்துக்காக நான்கு நாளில் செய்தது; 128×128 திரை, 16 நிறம். அதை இன்றும் பிரௌசரிலேயே இலவசமாக ஆடலாம், காசு போடும் முன் ஆடிப் பாருங்கள். பெரிய பதிப்பு பார்க்கப் பழையதாக இருந்தாலும் கை வைத்தால் தெரியும், அன்றைய எந்த கேமும் இவ்வளவு கருணை காட்டியதில்லை. விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும் 0.1 விநாடி, அதாவது 6 ஃப்ரேம், தாவ அனுமதிக்கிறது. மேலே தாவும்போது தலை மூலையில் 4 பிக்சல் வரை இடித்தால் இடிக்க விடாமல் பக்கத்தில் தள்ளிவிடுகிறது. கஷ்டம் கஷ்டம் என்று எல்லோரும் சொல்லும் கேம், ஆனால் ‘நான் சரியாகத்தான் அழுத்தினேன்’ என்று கத்த இடம் வைக்காத கேம். கான்ட்ராவில் அந்தக் கத்தலுக்குப் பஞ்சமில்லை.

குப்பையை எப்படிக் கண்டுபிடிப்பது? ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பாத்திரத்தின் ஒரு பிக்சலும் பின்னணி மரத்தின் ஒரு பிக்சலும் ஒரே அளவில் இருக்கிறதா? பாத்திரம் பெரிய கட்டங்களாகவும், தீப்பொறி மிகச் சின்னப் புள்ளிகளாகவும், வாள் சாயும்போது கட்டங்களே சாய்சதுரமாகவும் தெரிந்தால் செய்தவருக்குக் கட்டத்தின் மேல் மரியாதை இல்லை. கட்டத்தை மதிக்காதவர் ஃப்ரேமையும் மதிப்பதில்லை என்பது பெரும்பாலும் உண்மையாகிவிடுகிறது. இதே நோயின் இன்னொரு வடிவம் முதல் ப்ளேஸ்டேஷன் பாணித் திகில் கேம்கள். அந்த இயந்திரத்தில் முக்கோணங்களின் மூலைகள் முழுப் பிக்சலில்தான் உட்காரும், அதனால் சுவர் நடுங்கும். அதைத் தேவையான இடத்தில் பயன்படுத்தினால் பயம், எல்லா இடத்திலும் போட்டால் தலைவலி.

எழுத்துக்கு மட்டும் நான் விதிவிலக்கு கொடுப்பேன். ‘செலஸ்டில்’ உரையாடல் எழுத்தும் முகப்படமும் கட்டத்துக்கு வெளியே, கூர்மையாகத்தான் வரும். படிக்க முடிகிறது, சரி. தமிழில் பழைய பாணி கேம் செய்ய நினைப்பவர்களுக்கு இது வெறும் ருசி விவகாரம் கிடையாது. ஆங்கில எழுத்து 8×8 கட்டத்தில் வசதியாக உட்கார்ந்துவிடும். மூன்று சுழி ண-வை எடுங்கள்: கோடு, ஓட்டை, கோடு, ஓட்டை, கோடு, ஓட்டை, கோடு என்று சுழிகளுக்கே ஏழு நெட்டு வரிசை போய்விடும், எட்டாவதில் கால் வைத்தால் அடுத்த எழுத்துக்கு இடைவெளி இல்லை. சுருக்கினால் இரண்டு சுழி ன-வாகத் தெரியும். ணை, ணூ பற்றிப் பேசவே வேண்டாம். எழுத்துக்கு 16 உயரம் ஒதுக்கி, அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற விடுவதுதான் நடக்கிற காரியம்.

உங்கள் லேப்டாப்புக்கு எவை? ‘அண்டர்டேல்’, ‘ஷவல் நைட்’, ‘செலஸ்ட்’, ‘யூஎஃப்ஓ 50’ சிரமமில்லை. ‘யூஎஃப்ஓ 50’ 2024இல் வந்தது. 1980களில் இயங்கியதாகக் கற்பனை செய்த ஒரு கம்பெனியின் 50 கேம்கள், எல்லாம் ஒரே 32 நிறத்தில். எல்லாமே நன்றாக இருக்காது, பத்துப் பதினைந்து மாட்டிக்கொண்டால் போட்ட காசு வந்துவிடும். ‘ஸ்டார்ட்யூ வேலி’யும் ஓடும், ஆனால் பாத்திரம் தூங்கினால்தான் சேமிப்பு. விளையாட்டின் ஒரு முழு நாள் சுமார் 14 நிமிடம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் இழப்பு அவ்வளவு. சுடும் கேம் வேண்டுமென்றால் 2018இன் ‘டஸ்க்’. கிராபிக்ஸ் அளவைக் குறைத்து வைத்துப் பாருங்கள். தவிர்க்க வேண்டியது ‘ஆக்டோபாத் டிராவலர்’ வகை: பாத்திரம் பிக்சலில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பின்னால் ஓடுவது அன்ரியல் இன்ஜின், வெளிச்சமும் மங்கலும் சேர்ந்து உங்கள் இன்டெல் கிராபிக்ஸை மூச்சுத் திணற வைக்கும்.

கார்டு இல்லாதவன் ஆடுவது என்று சிரிக்கும் நண்பர்களிடம் ‘அனிமல் வெல்’லைக் காட்டுங்கள். 2024இல் வந்த அந்த கேம் மொத்தமே 33 எம்பிதான், அதில் ஒளியும் நீரும் புகையும் நகர்வதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். உங்கள் லேப்டாப்பில் போடும் முன் கடைப்பக்கத்தில் கிராபிக்ஸ் தேவையைப் பாருங்கள், ஃபைல் சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று அர்த்தமில்லை.

வாங்குவது ஸ்டீமில் என்றால் ரூபாய் விலைதான், யூபிஐ போதும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை விண்டோ அளவு, சாவி மாற்றம், இயர்போன் சோதனைக்கு முதலில் செலவழியுங்கள். லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அதற்கு ஆதரவு தருவதில்லை. ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கி இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்வது அப்போது ஒரு வழி.

டப்பா மானிட்டர் கேள்வி. காயலான் கடையில் கிடைத்தாலும் இந்தக் கேம்களுக்காக வாங்க வேண்டாம் என்பேன். கணினி சிஆர்டி மானிட்டர் டிவி மாதிரி 240 வரியை நொடிக்கு 60 முறை காட்டாது; அதன் கிடை அலைவரிசை பொதுவாக 31 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும், அதனால் 320×240ஐ 120 ஹெர்ட்ஸில் அனுப்பி ஏமாற்ற வேண்டும். அனுப்பினாலும் ‘செலஸ்ட்’, ‘யூஎஃப்ஓ 50’ எல்லாம் 16:9 படம், 4:3 கண்ணாடியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. லேப்டாப்பில் விஜிஏ துளை இல்லையென்றால் மாற்றி ஒன்று வேறு வாங்க வேண்டும். உண்மையான பழைய கேம்களை ஆடுபவருக்கு அது வேறு கதை, அவருக்கு நிறங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலப்பதே படத்தின் பாதி. அப்படி ஆசைப்பட்டு வாங்கினாலும் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.